அடைத்துக்கொண்ட கண்

“சார், ரெண்டு கண்ணும் அடைச்சுக்கிச்சு. ஒண்ணுல தண்ணியே வரலை. இன்னொண்ணுல சொட்டுச் சொட்டாக் கசியுது. இப்படியே நாலு நாள் போனா எல்லாம் காஞ்சிடும் சார்.”

போனில் முருகையன் பதறப் பதற, சந்தானகிருஷ்ணனுக்கு உற்சாகம் பொங்கியது. கண்ணில் கோளாறு என்று ஒருவர் தானாக வந்து மாட்டுவது தினமும் நடக்கிற காரியமா?

சந்தானகிருஷ்ணன் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊர்ப் பாசன சங்கத்தின் தலைவரும் அவர்தான். ஆனால் அவர் உயிரை விடுவதெல்லாம் ‘கண்ணாடிக்கு விடை கொடுப்போம்’ என்ற வாட்ஸப் குழுவுக்காக. இருநூற்றுச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். பொழுது விடிந்தால் அவர் குரல் பதிவு வந்துவிடும். பொன்னாங்கண்ணியும் பப்பாளியும் சாப்பிட்டு, கருவிழியை எட்டுத் திசையும் உருட்டினால் கண் டாக்டர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான் என்பது அவர் கட்சி.

வெறும் வாய்ப்பேச்சு இல்லை. போன வருஷம் பதினெட்டாம் பெருக்கன்று ஊர்ப் பெண்கள் காதோலை கருகமணியை ஆற்றில் விட்டபோது, இவர் தம்முடைய மூக்குக்கண்ணாடியை விட்டார். அந்த வீடியோவை இன்னும் யாராவது ஃபார்வர்டு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

“பயப்படாதீங்க முருகையன், இது சாதாரண கண் வறட்சி” என்று ஆரம்பித்தவர், இருபது நிமிஷம் கழித்துத்தான் மூச்சு விட்டார். உள்ளங்கைகளைச் சூடு பறக்கத் தேய்த்துக் கண்மேல் வைக்க வேண்டுமாம். கட்டைவிரலை ஒரு தடவை, தூரத்துப் பச்சை வயலை ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டுமாம்.

“வயல் பச்சையா இருந்தாத்தானே சார் பாக்கிறது?” என்று முருகையன் சொல்லிப் பார்த்தார். நோயாளிக்கு மனச்சோர்வும் இருக்கிறது என்று தலைவர் எடுத்துக்கொண்டார்.

முருகையன் சொன்னது வடக்கு வாய்க்கால் மதகை. தண்ணீர் போக இரண்டு கண் வைத்த மதகு. ஆகாயத்தாமரை வந்து இரண்டு கண்ணிலும் செருகிக்கொண்டுவிட்டது. கடைமடையில் அவருடைய மூன்று ஏக்கர் சம்பா, நட்டு இருபது நாள்கூட ஆகவில்லை, நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கையால் இழுத்துப் பார்த்து முடியாமல், சங்கத்திலிருந்து ஒரு பொக்லைனுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லித்தான் தலைவரைக் கூப்பிட்டார்.

பொக்லைன் வரவில்லை. சாயங்காலம் இரண்டு கட்டுப் பொன்னாங்கண்ணி வீடு தேடி வந்தது.

அதோடு விட்டாரா? அன்பர் முருகையன் மீண்டும் பார்வை பெறப் பிரார்த்திப்போம் என்று குழுவில் அவர் படத்தோடு ஒரு பதிவு. கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்தன. மறுநாள் குடவாசல் கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஒருவர் முருகையனின் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் முருகையன் நேரிலேயே போய் விளக்கினார். நியாயமாகத் தலைவர் வெட்கப்பட்டிருக்க வேண்டும். மதகு என்று முதலிலேயே சொல்வதற்கென்ன, மனுஷன் என்றால் தெளிவாகப் பேச வேண்டாமா என்று கோபப்பட்டார். குழுவில் திருத்தமும் போடவில்லை. பிரார்த்தனை அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. எதையும் நேரில் பார்த்துத்தான் முடிவெடுப்பேன் என்று சொல்லி, சங்கத்து உறுப்பினர்கள் பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு மதகுக்குக் கிளம்பினார்.

மதகின்மேல் ஏறி நின்று வாய்க்காலை மேலும் கீழும் பார்த்தார். கரையிலிருந்து கரைவரை ஆகாயத்தாமரைதான். அதன்மேல் ஒரு கொக்கு கால் நனையாமல் நடந்துபோய்க்கொண்டிருந்தது.

“தண்ணி நல்லாத்தானே போகுது?” என்றார் தலைவர்.

பத்துப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் சிரிப்பை அடக்கத் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். காற்றில் அசைகிற இலையை மனிதர் தண்ணீர் என்று நினைத்துவிட்டார் என்பது முருகையனுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு வார்த்தை போதும். தன்னை ஊரறியக் குருடனாக்கியதற்கு அங்கேயே பழி தீர்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் மூன்று நாளாக இருந்த ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“சார் குத்தலாச் சொல்றாருப்பா” என்று முருகையன் உரக்கச் சிரித்தார். “இவ்வளவு அடைச்சுக் கிடக்குற வரைக்கும் நாமெல்லாம் என்ன பண்ணிக்கிட்டிருந்தோம்னு கேக்குறாரு. பொக்லைனுக்கு போனைப் போடுங்க.”

உறுப்பினர்கள் அசடு வழிந்தார்கள். துண்டுக்காரரே முந்திக்கொண்டு போன் போட்டார். தலைவர் எதையும் மறுக்கவில்லை. மத்தியானத்துக்குள் பொக்லைன் வந்து வாரி எறிய, தண்ணீர் கடைமடைப் பக்கம் திரும்பியது.

வீட்டுக்குத் திரும்பும்போது சந்தானகிருஷ்ணன் வரப்பில் இரண்டு தடவை தடுமாறினார். மூன்றாவது தடவை முருகையனின் தோளைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் முன்னால் போகட்டும் என்று முருகையன் நடையைத் தளர்த்தினார்.

“சார், நாளைக்குத் தஞ்சாவூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போகலாம்னு இருக்கேன். என் கண்ணு போச்சுன்னுதானே குரூப்ல அத்தனை பேரும் நெனைச்சுக்கிட்டிருக்காங்க? அப்படியே நெனைக்கட்டும். நீங்க துணைக்கு வாங்க. வந்த எடத்துல சும்மா உக்காந்திருப்பானேன்னு நீங்களும் ஒரு தடவை காட்டிடலாம்.”

சந்தானகிருஷ்ணன் முருகையனின் தோளிலிருந்து கையை எடுக்காமல் கொஞ்ச தூரம் நடந்தார்.

“எத்தனை மணிக்கு பஸ்?” என்றார்.