குகைச் சுவரில் ஒரு கை

காட்டெருமை முட்டிச் செத்தவனைக் காரி குகைச் சுவரில் உயரமான இடத்தில் செங்காவியால் வரைந்திருந்தான். கொம்பில் தொங்குகிறவனாகவே வரைந்தான். தன் கூட்டத்தாருக்கு நேர்ந்ததையெல்லாம் சுவரில் போட்டு வைப்பது அவன் வேலை. நடக்காத எதையும் அவன் வரைந்ததில்லை.

செத்தவனின் மனைவி நீலி வந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துல என்னையும் போடு. அவரு கையைப் பிடிச்சிருக்கிற மாதிரி."

"நீ அங்க இல்லையே நீலி."

"இல்லைதான். அதனாலதான் கேக்குறேன்."

மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் காரி போய்விட்டான்.

மறுநாள் காலையில் அவன் வந்தபோது, சுவரின் அடியில் கோணல்மாணலாக ஒரு பெண் வரையப்பட்டிருந்தாள். அவளுடைய ஒரு கை மட்டும் கொடிபோல நீண்டு, கொம்பில் தொங்கியவனை நோக்கி ஏறியிருந்தது. நீலி எம்பி எம்பி எட்டிய உயரத்தோடு கோடு நின்றுபோயிருந்தது. விரலெல்லாம் காவியோடு அவள் கீழே தூங்கிக்கொண்டிருந்தாள்.

அழித்துவிடத்தான் காரி ஈரப்புல்லைக் கையில் எடுத்தான். கோடு நின்றுபோன இடத்தையும் அவளுடைய காவி விரல்களையும் பார்த்தான். பிறகு புல்லைப் போட்டுவிட்டு, ஒரு கல்லை உருட்டிவந்து ஏறி, அந்தக் கோட்டைச் செத்தவனின் விரல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தான்.