அஞ்சு வார்த்தை

"கொஞ்சம் முன்ன நான் சொன்ன அஞ்சு வார்த்தையையும் சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர்.

மாம்பழம், சாவி, குதிரை, பாலம், மல்லிகை.

மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள் பேச்சி.

"அடேங்கப்பா" என்றார் டாக்டர்.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு. கடகடவென்று ஓடியது. அவரே கையைக் காட்டி நிறுத்த வேண்டியதாயிற்று.

பக்கத்து நாற்காலியில் அவள் புருஷன் நயினார் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். டியூஷன் வாத்தியார். தன்னிடம் படித்த பிள்ளை நூற்றுக்கு நூறு வாங்கினால் வருமே, அந்த முகம்.

ஆறு வாரத்துக்கு முன்னால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வேனோடு சிக்னலில் நின்றிருந்தாள். பின்னால் வந்த லாரி இடித்தது. தலை போய்ப் பக்கத்துக் கம்பியில் மோதியது. கழுத்து வெட்டி இழுத்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. சாமிதான் காப்பாத்திச்சு என்றார்கள் எல்லோரும். மூளை குலுங்கியிருக்கிறது, கழுத்துத் தசையில் அடி, ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் கழுத்துப் பட்டையை மாட்டி அனுப்பினார்.

அன்றைக்கு அவர் சொன்னதும் இதே அஞ்சு வார்த்தைதான். அவளுக்கு இரண்டுதான் திரும்ப வந்தது.

மூன்று வாரம் கழித்துப் போனார்கள். மறுபடியும் மாம்பழம், சாவி, குதிரை.

நயினாருக்குப் பொறி தட்டிவிட்டது. கேள்வித்தாள் மாறவில்லை!

போன வருஷம் கேட்ட கேள்வி இந்த வருஷமும் வரும் என்று நம்பியே இருபது வருஷம் பிழைப்பு நடத்திய மனுஷன். விடுவாரா? அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டார். பல் தேய்க்கும்போது அஞ்சு வார்த்தை. சோற்றில் கை வைக்கும் முன் ஏழு ஏழாகக் கழித்தல். கிழமைகள் தலைகீழாக. அவளால் கையைத் தூக்க முடியவில்லை என்று அவர்தான் தலை சீவிவிட்டார். சீவும்போதும் கேள்விதான்.

"ஏ பேச்சி, குதிரைக்கு அப்புறம் என்ன? யோசிக்காத. டக்குனு சொல்லு."

பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வண்டி ஓட்டலாம் என்று திங்கட்கிழமைக்குள் டாக்டர் சீட்டு வராவிட்டால் வேனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். பதினோரு வருஷமாக அவள் ஓட்டிய வேன். அது போனால் இவள் முடங்கிப் போவாள் என்று அவர் பயந்தார்.

அவளுடைய பயம் வேறு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

முந்தாநாள் குழம்பில் மூன்று தடவை உப்புப் போட்டாள். நேற்றுக் காலையில் பால் வாங்கப் போனவள், திரும்பும்போது தெருமுனையில் நின்றுவிட்டாள். இடதா, வலதா? அவள் வாழ்க்கைப்பட்டு வந்த தெரு. மண்டைக்குள் ஒன்றுமே இல்லை. வெள்ளையாக இருந்தது.

"என்னக்கா, வெயில்ல நிக்கிய?" என்று எதிர்வீட்டுக்காரி கூப்பிட்ட பிறகுதான் கால் நகர்ந்தது. சிரித்துச் சமாளித்தாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து அழுதாள்.

கழுத்து மட்டும் என்ன வாழ்கிறது! இடது பக்கம் திருப்பினால் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் தரை நிற்கிறது. சற்றுமுன் டாக்டர் பட்டையைக் கழற்றித் திருப்பச் சொன்னபோது, பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள்.

"பிரமாதம்மா. பட்டை இனிமே வேண்டாம். திங்கட்கிழமை வண்டி எடுங்க."

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

நயினார் மேஜைக்குக் கீழே அவள் கையைப் பிடித்து அழுத்தினார். அவர் கை வெதுவெதுப்பாக இருந்தது. அவளுடையது சில்லிட்டுக் கிடந்தது.

பதினேழு பிள்ளைகள். ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொள்கிற யு.கே.ஜி. வாண்டுகள் நாலு பேர். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் ரோடு இரண்டாகப் பிரியும். அந்த இடத்தில் மண்டைக்குள் வெள்ளையானால்?

வாயைத் திறந்தால் வேன் போச்சு.

திறக்காவிட்டால்?

பேனா கடைசி வரிக்கு வந்துவிட்டது.

"சார்."

டாக்டர் நிமிர்ந்தார்.

"வேற அஞ்சு வார்த்தை சொல்லுங்க சார்."

நயினாரின் பிடி நழுவியது. அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. டாக்டர் அவளைப் பார்த்தார். நயினாரைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

"கடிகாரம். தென்னை. கப்பல். ஊசி. மேகம்."

நிதானமாகச் சொன்னார். பிறகு ஊர்ப்பேச்சு பேசினார். மத்தியானம் என்ன சமையல் என்று கேட்டார். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க என்று கேட்டார். அவள் ஏதேதோ பதில் சொன்னாள். அஞ்சு நிமிஷம் போயிற்று.

"இப்பச் சொல்லுங்க."

"கடிகாரம்."

வந்துவிட்டது!

"தென்னை."

அப்புறம்?

அப்புறம் ஒன்றுமில்லை. தேடினாள். நெற்றியில் வேர்த்தது. இருந்ததே, இப்போதுதானே கேட்டோம், எங்கே போயிற்று? டாக்டர் அவசரப்படுத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

ஓரக்கண்ணில் நயினாரின் உதடுகள் அசைவது தெரிந்தது. சத்தமில்லாமல், மெதுவாக, அவளுக்குப் புரிகிற மாதிரி.

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.