வலப்பக்கத்துக் குண்டு டியூப்

"எல்லாரும் வந்து பாருங்கோ, பட்டப்பகலில ஏமாத்து வேலை!"

பஞ்சலிங்கம் போட்ட சத்தத்தில் புந்தோங் கடைவரிசையே திரும்பிப் பார்த்தது. ரேடியோ ரிப்பேர் மாயாண்டி கையிலிருந்த பற்றவைப்புக் கம்பியை வைத்துவிட்டு மெதுவாக எழுந்தார். காலையிலிருந்து குனிந்தே கிடந்த முதுகு. இப்போது இது வேறு.

பஞ்சலிங்கம் ஓய்வு பெற்ற சர்வேயர். ஒரு நூல் கோணினாலும் பொறுக்காத மனுஷர். கண்ணாடி டியூப் வைத்த பழைய ஆம்பிளிஃபயரை கிராப் வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு, மனைவி செல்லாச்சியோடு வந்திருந்தார்.

"இஞ்ச பாரும். இடப்பக்கம் மெலிஞ்ச டியூப். வலப்பக்கம் குண்டு டியூப். தூசி தட்ட மூடியைக் கழட்டினாப் பிறகுதான் உம்மட வண்டவாளம் தெரியுது. வலப்பக்கம் சத்தம் குறையுது எண்டு தந்தா, கையில கிடைச்சதைச் செருகி அனுப்பிறதோ?"

"அந்த செட்டு ரெண்டு டைப்பையும் தாங்கும் சார். இப்ப நல்லாத்தானே பாடுது?"

"நல்லாப் பாடுது. அதுக்காக? காலுக்கு ஒரு பக்கம் சப்பாத்தும் மறுபக்கம் சிலிப்பரும் போடுறதோ? இந்தாரும், கோலாலம்பூரில இருந்து புதுச் சோடி எடுப்பிச்சிருக்கிறன். என்ட கண்ணுக்கு முன்னால போடும்."

மாயாண்டி செல்லாச்சியைப் பார்த்தார். செல்லாச்சி தரையைப் பார்த்தார்.

"வேணாம் சார். இப்படியே விட்டுடுங்க."

"ஏன்? பயமோ?"

வேறு வழியில்லை. மாயாண்டி பழைய டியூப் இரண்டையும் கழற்றிவிட்டு, புதுச் சோடியைத் துணியால் துடைத்துச் செருகினார். சூடேறக் காத்திருந்து நாதஸ்வரம் போட்டார். பஞ்சலிங்கம் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நாற்காலியை அளந்து போட்டு உட்கார்ந்தார்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"பாத்தீரே! வலப்பக்கம் செத்துக் கிடக்கு! உள்ளுக்குள்ள எதையோ நாசமாக்கிப்போட்டு, அதை மறைக்கத்தான் சத்தம் கூடின குண்டு டியூப்பைப் போட்டிருக்கிறீர். ஓமோ இல்லையோ?"

மூலையில் வயர் சுற்றிக்கொண்டிருந்த மாயாண்டியின் மனைவி கலாதேவி தலையைத் தூக்கினார். "ஐயா, இது..." என்று அவர் ஆரம்பித்ததும் மாயாண்டி முந்திக்கொண்டார்.

"ஆமா சார். என் தப்புதான். உள்ள ஒரு வேலைய ரோசாக் பண்ணிக் கெடுத்துட்டேன். சொல்லப் பயந்துக்கிட்டு அந்த டியூப்ப வச்சேன்."

உறுமி மேளக் குழுவின் ஆம்பிளிஃபயரை ரிப்பேருக்குக் கொண்டுவந்து காத்திருந்த யுகேந்திரன் எழுந்தான். பெட்டியைத் தூக்கி வேனில் வைத்தான்.

"அண்ணே, இன்னொரு நாள் வாரேன்லா."

வரமாட்டான் என்று கலாதேவிக்குத் தெரியும். அந்தக் குழுவோடு இன்னும் நாலு குழு போய்விடும் என்பதும் தெரியும்.

மாயாண்டி மறுபடியும் மெலிந்த டியூப்பை இடப்பக்கமும் குண்டு டியூப்பை வலப்பக்கமும் செருகினார். பஞ்சலிங்கம் கண்ணை மூடிக் கேட்டார். முகம் இளகியது.

"ம். இப்ப ரெண்டு பக்கமும் சரி. ஆனா உம்மட யோக்கியதையை நாளைக்குக் கோயிலில நாலு பேருக்குச் சொல்லாம விடமாட்டன்."

"சொல்லுங்க சார்."

கிராப் வந்து நின்றது. மாயாண்டியே பெட்டியைத் தூக்கிப்போய்க் காரில் வைத்தார். செல்லாச்சி அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

மாயாண்டி திரும்பி வந்ததும் கலாதேவி வெடித்தார்.

"உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? புதுச் சோடி போட்டப்போ ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே கேட்டுச்சு? குண்டு டியூப் போட்டாத்தான் வலப்பக்கம் காதைக் கிழிக்குது. செய்யாத தப்ப எதுக்குங்க ஒத்துக்கிட்டீங்க? இருபது வருஷமாச் சேத்த பேரு!"

மாயாண்டி வாசலைக் காட்டினார்.

காருக்குப் பக்கத்தில் செல்லாச்சி கணவரின் வலப்பக்கம் நின்று, "ஏறுங்கோவன்" என்றார். அவர் அசையவில்லை. இரண்டாம் தடவை இன்னும் உரக்கச் சொன்னார். அப்போதும் இல்லை. செல்லாச்சி பின்னால் சுற்றி இடப்பக்கம் வந்து மெதுவாக ஏதோ சொன்னார். அவர் உடனே தலையாட்டிவிட்டு ஏறினார்.

கலாதேவியின் கையிலிருந்த வயர் நின்றது.

"அவருக்கு..."

"போன மாசம் கண்ணு சரியில்லைன்னு பிள்ளைங்க கார் சாவிய வாங்கி வச்சுட்டாங்களாம். மனுசன் ரெண்டு நாள் சோறு தண்ணி தொடலையாம்." மாயாண்டி ஸ்டூலில் களைத்து உட்கார்ந்தார். "ஆம்பிளிஃபயர மொதல்ல ரிப்பேருக்குக் குடுத்துட்டுப் போன மறுநாள் அந்தம்மா தனியா வந்து அழுதுச்சு. 'ஒரு காதும் கேக்காமப் போட்டுது எண்டு அவருக்கு நான் எப்பிடித் தம்பி சொல்லுறது? பழுது பெட்டியிலதான் எண்டே இருக்கட்டும்'னு."