தளத்தில் எழுதிய எண்

போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டிய அந்த ஏழு விமானந்தாங்கிக் கப்பல்களும் ஒரே அச்சில் வார்த்தவை. மேலிருந்து வரும் விமானிக்குத் தளத்தை அடைத்து எழுதிய எண் ஒன்றுதான் அடையாளம்.

குண்டு போட்டுவிட்டுத் திரும்பிய திருமேனி, தன் கப்பலின் எண்ணான நான்கைக் கண்டதும் நிம்மதியாக இறங்கினான். கீழே குதித்தவனின் பூட்ஸ் தரையில் ஒட்டியது. வெள்ளைப் பெயின்ட், இன்னும் காயவில்லை. சுற்றி நின்றவர்களில் ஒருவரையும் அவனுக்குத் தெரியவில்லை.

"விமானம் எறங்கக் கொடி காட்டுற பெரியநாயகம் எங்க?"

பிரஷ்ஷோடு நின்ற மாலுமி தலையைக் குனிந்துகொண்டான். "இது ஆறாம் நம்பர் கப்பல் சார். உங்களுது மதியமே முழுகிடுச்சு. ரேடியோல பேசக் கூடாதுன்னு உத்தரவு. நாலுன்னு எழுதலேன்னா, பெட்ரோல் தீர்ற வரைக்கும் உங்க கப்பலத் தேடிக்கிட்டே சுத்துவீங்க."

திருமேனி அவன் தோளைப் பிடித்தான். "யாராச்சும் பொழைச்சாங்களா?"

மேற்கே விமானங்களின் இரைச்சல் கேட்டது. மாலுமி அண்ணாந்து பார்த்தான். சட்டென்று மண்டியிட்டு, காயாத நான்கைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். இப்ப ரெண்டுன்னு எழுதணும்."