முதல் கை

முதலாளி சபாபதியின் மனைவி லோகநாயகி இன்னும் ஒரு குடம் தண்ணீரைப் பட்டறைத் தரையில் ஊற்றிக் கழுவிவிட்டார்.

நான் எல்லோருடைய கால்களையும் பார்த்தேன்.

ஆயுத பூசை என்பதால் செருப்புகள் வாசலில் கிடந்தன. சிமெண்டுத் தரையில் ஈரம் மினுங்கியது. அத்தனை பேரும் வெறுங்கால்.

நடுவில் புதிய மர அறுவை மிஷின். புதியது என்பது கடலூர் முதுநகருக்குத்தான். மோட்டார், பெண்ணாடம் பக்கம் ஏலத்தில் எடுத்தது. எத்தனை மழையில் எங்கே நனைந்து கிடந்ததோ தெரியாது. ரம்பத் தகடு இன்னும் மாட்டவில்லை. அதற்குள் சந்தனம், குங்குமம், ஈரம் சொட்டும் சாமந்தி மாலை.

அதற்கு வயரிங் செய்தவன் நான்.

மாலை ரயிலில் சிதம்பரம் போய் வயர்மேன் வகுப்பில் கேட்பதை, மறுநாள் பகலில் இங்கே கையால் செய்து பார்க்கிறேன். ஒவ்வொரு திருகையும் இரண்டு முறை முடுக்குவேன். வீட்டுக்குப் போன பிறகு, முடுக்கினேனா என்று சந்தேகம் வரும்.

இந்த முறை வந்தது அந்தச் சந்தேகம் அல்ல.

மோட்டாரின் இரும்பு உடம்பில் மின்சாரம் கசிந்தால், அதை மண்ணுக்குள் இறக்கிவிட ஒரு எர்த் கம்பி வேண்டும். பட்டறைக்குப் பின்னால் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, கம்பியை இறக்கியிருந்தேன். அங்கே எல்லாம் கடற்கரை மணல். ஊற்றிய தண்ணீர் நிற்கவே இல்லை.

நேற்று, மின்சாரம் வரும் கம்பிக்கும் எர்த் கம்பிக்கும் நடுவே சோதனை பல்பை வைத்துப் பார்த்தேன். பளிச்சென்று எரிய வேண்டியது சோகையாய்ச் சிவந்தது.

பல்பு பழசோ என்று வேறொன்றை மாட்டினேன். அதுவும் அப்படியே. மண் மின்சாரத்தை வாங்கவில்லை; மோட்டாரில் கசிந்தால் தொடுகிறவர் உடம்பு வழியாகத்தான் இறங்கும்.

சபாபதியிடம் போய்ச் சொன்னேன்.

"நாளைக்கு ஒரு சுத்து ஓட்டிக் காட்டு பாய், போதும். அப்பறம் குழி என்னா, கொளமே வெட்டிக்கலாம்" என்று சிரித்தார்.

அதற்கு மேல் வாதாட எனக்குத் துணிவில்லை. தரையைக் கழுவாதீர்கள், செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், மிஷினைத் தொடாதீர்கள் என்று பூசை நாளில் ஒரு நூர்முகம்மது எப்படிச் சொல்வான்?

அதனால் இன்று யாரும் வருமுன் வந்து, மெயின் பெட்டியைத் திறந்து, பியூஸ் கட்டைகள் மூன்றையும் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இனிப் பெட்டியின் கைப்பிடியைத் தூக்கினாலும் மோட்டார் ஓடாது. சிரிப்பார்கள். வேலைகூடப் போகலாம். யாரும் சாக மாட்டார்கள்.

அப்படியும் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"பாய் மொகத்தப் பாருங்கடா. மரத்த உட்டுட்டு அவரையே அறுக்கப் போறோம்னு நெனச்சிக்கிட்டாரு" என்றார் தச்சர் தேவநாதன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கற்பூரம் காட்டி முடிந்தது.

முதல் கை வீட்டுப் பெண்ணுடையது. புது மிஷின் ஓடும்போது அவர் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். இந்தப் பட்டறையின் வழக்கம் அது. லோகநாயகி ஈரம் காயாத கையை மோட்டார் மேல் வைத்துக் கண்களை மூடினார்.

சபாபதி கைப்பிடியைத் தூக்கினார்.

மோட்டார் ஓடியது.

என் கை சட்டைப்பைக்குப் போயிற்று. கட்டைகள் மூன்றும் அங்கேதான் இருந்தன.

ஃபிட்டர் காத்தவராயன் என் தோளை இடித்தான். "என்னா மச்சான், பீஸு கட்டையே மாட்டாம உட்டுட்ட? நான் மட்டும் பாக்கலன்னா ஒன் மானம் கப்பலேறியிருக்கும். மூணு எடத்துலயும் நல்ல தடி கம்பியா வளைச்சிச் சொருவிட்டேன். இனிமே அது எரிஞ்சே போவாது."

ஆபத்தில் எரிந்து அறுந்துபோகத்தான் பியூஸ் கம்பியை மெல்லியதாகப் போடுகிறார்கள். அதை அவனுக்குச் சொல்ல நேரமில்லை.

ஓடினேன். ஈரத்தில் கால் வழுக்கியது. தாம்பாளம் தட்டிக் கவிழ்ந்து பொரியும் கடலையும் தரையெங்கும் சிதறின. சபாபதியைத் தோளால் தள்ளிவிட்டுக் கைப்பிடியைக் கீழே இழுத்தேன்.

மோட்டார் முனகிக்கொண்டே நின்றது.

பூசையை நிறுத்திய கை யாருடையது என்று எல்லோரும் பார்த்தார்கள்.

"பைத்தியமாய்யா ஒனக்கு?" என்றார் சபாபதி.



லோகநாயகி கண்களைத் திறந்தார். கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. கண்களில் நீர் திரண்டிருந்தது.

"ஏன் பாய் நிறுத்துனீங்க? இப்பதான் ஆத்தா எறங்குனா. உள்ளங்கையில விறுவிறுன்னு ஆரம்பிச்சி முழங்கை வரைக்கும் ஏறுனா."

சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கூட்டம் ஓரடி முன்னால் நகர்ந்தது. காத்தவராயன்கூட இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கையை நீட்டினான்.

"மறுபடியும் போடு பாய்" என்றார் சபாபதி. இப்போது அவர் குரல் பணிந்திருந்தது.

நான் கைப்பிடியைக் கீழேயே இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.