நாவலில் வரும் ஜூனியர்

பெண் விடுதலையைப் பற்றி மேடைகளில் பேசும் ஒரு வக்கீலம்மா, தன்னிடம் தொழில் கற்கும் ஜூனியர் பெண்ணை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துகிற நாவல் அது. படித்ததும் நர்ஸ் பொற்கொடிக்கு, போன மாதம் நோயாளிகள் முன்னால் தன்னை அழவைத்த ஹெட் நர்ஸ் ஜெசிந்தாதான் ஞாபகத்துக்கு வந்தார். வேண்டுமென்றே அவரிடமே புத்தகத்தைக் கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து ஜெசிந்தா உடை மாற்றும் அறைக்கு வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“அந்த ஜூனியர் பொண்ணு அப்படியே நான்தான், பொற்கொடி. ஒருநாள் ஊசி கைதவறி விழுந்துச்சுன்னு எங்க ஹெட் சிஸ்டர் வார்டே கேக்குற மாதிரி திட்டினாங்க. எனக்கு அப்ப இருபது வயசு.”

சொல்வதற்கென்று சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, பொற்கொடி ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க சிஸ்டர். அப்புறம் என்ன ஆச்சு?”