இரண்டு ஸ்டூல்

குனிந்து வண்டி ஓட்டினாலும் முதுகில் மேலேறாத ஜாக்கெட்தான் வேண்டும் என்று தேவசகாயம் ஒன்றைப் போட்டுக்கொண்டு கடை ஸ்டூலில் உட்கார்ந்து, இல்லாத ஹேண்டில்பாரைப் பிடித்தார். ஜாக்கெட்டோடு தைத்த தொப்பி காற்றில் தன் முகத்தில் அடிக்குமா என்று பார்க்க, மனைவி மெர்சி பின்னால் இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து பார்த்த உடம்பு. புதுத் துணியின் வெதுவெதுப்பில், நீட்டிய கை நீட்டியபடியே இருக்க அவர் தலை தொங்கிவிட்டது. தினமும் வீடு திரும்பும்போது பைக்கில் இப்படித் தலை சாய்ந்தால் முதுகில் தட்டி எழுப்பும் அவள் கை, பழக்கத்தில் உயர்ந்து அப்படியே நின்றது. பிறகு தொப்பியை எடுத்து மெல்ல அவர் தலையில் போர்த்தினாள்.

"சைஸ் சரியா இருக்காக்கா?" என்று கடைப்பையன் நெருங்கினான்.

"எழுப்பாத தம்பி," என்றாள் தாழ்ந்த குரலில். "இங்க லாரி எதுவும் வராது."